பனிநாட்டு பூட்ஸின் மூக்கை நான் நிமிர்த்தியது

நாற்பது வருஷத் தொழிலில் என் கையில் கெட்டுப்போனது ஒரே ஒரு ஜோடி. அதுவும் மியூசியத்துக்குப் போகவேண்டிய ஜோடி. கெடுப்பதில்கூட நான் சின்னதாக எதையும் செய்வதில்லை.

நாலாங்கிளாஸோடு படிப்பை முடித்துக்கொண்டு, திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பை தாராவிக்கு ரயிலேறி வந்தவன் நான். இன்றைக்குப் பதினோரு பேர் வேலை செய்யும் தோல் பட்டறை என்னுடையது. செருப்பின் தேய்மானத்தைப் பார்த்தே, போட்டவர் எந்தக் காலை அழுத்தி நடக்கிறார் என்று சொல்லிவிடுவேன். (“அதைச் சொல்லச் சொல்லி யாரு கேட்டா?” என்பாள் என் மனைவி எஸ்தர். அது வேறு விஷயம்.)

என் மகள் பியூலா ஒரு மியூசியத்தில் டெம்பரரி வேலையில் இருந்தாள். வடதுருவத்தை ஒட்டி வாழும் பழங்குடி மக்களைப் பற்றி அங்கே ஒரு கண்காட்சி. முழுப் பொறுப்பும் அவள் தலையில். நல்லபடியாக முடிந்தால் வேலை பெர்மனென்ட். திறப்புவிழாவுக்கு முந்தின நாள் காலையில் ஒரு துணிப்பையோடு பட்டறைக்கு ஓடிவந்தாள்.

பைக்குள் ஒரு ஜோடி பூட்ஸ். நார்வேயின் வடக்கு மூலையிலிருந்து வந்திருந்த மாரெத் என்ற அம்மாவுடையது. அவர் சாமி இனத்தவர். (அவர்கள் இனத்துக்கே அதுதான் பெயர், நம்ம சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) பனிமான் மேய்க்கும் குடும்பம். அவருடைய அப்பா மான்களோடு பனியில் நடந்த பூட்ஸ் அது. விமானத்தில் வந்ததில் இடதுகாலில் பக்கத் தையல் விட்டுப்போயிருந்தது. பியூலாவின் அப்பா தோல் வேலைக்காரர் என்று கேள்விப்பட்டு, அந்தம்மாவே கொடுத்தனுப்பியிருந்தார்.

“எப்பா, விட்டுப்போன தையலை மட்டும் போடுங்க. வேற எதையும் தொடக் கூடாது.”

“யாருகிட்ட சொல்லுத?”

“உங்ககிட்டதான். அதான் பயமா இருக்கு.”

நாலு மணிக்கு மாரெத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பூட்ஸைக் கையிலெடுத்ததும் அசந்துபோனேன். மானின் கால் தோல், ரோமம் வெளிப்பக்கம். அடியில் ஒரு துண்டின் ரோமம் முன்னால் பார்க்க, அடுத்த துண்டின் ரோமம் பின்னால் பார்க்கிறது. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் வழுக்காது. இதை யோசித்த ஆள் என் பட்டறை வாசலில் வந்து நின்றிருந்தால் அன்றைக்கே பார்ட்னர் ஆக்கியிருப்பேன்.

பத்து நிமிஷத்தில் தையல் முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் மகான். ஆனால் அந்த மூக்கு! பூட்ஸின் நுனி கொக்கி மாதிரி மேலே வளைந்து நின்றது. பெட்டியில் அமுக்கியதில் கோணிக்கொண்டது என்று முடிவு செய்தேன். (வலதுகால் மூக்கும் அப்படித்தானே இருந்தது என்கிறீர்களா? இரண்டும் ஒரே பெட்டியில்தானே வந்தன! அவ்வளவு தெளிவாக யோசித்தேன்.) உள்ளே வேறு காய்ந்த புல். எலி கூடு கட்டியிருக்கிறது என்று இழுத்து வாசலில் போட்டேன். பக்கத்துப் பட்டறை பாயின் ஆடு நின்ற இடத்திலேயே அதைத் தின்று தீர்த்தது.

அப்புறம் மூக்கில் நாலு தையலைப் பிரித்து, தண்ணீர் தடவி, உள்ளே கால் வடிவ மரக்கட்டையைச் செலுத்தி, சுத்தியலால் தட்டினேன். ஆபீஸுக்கே போட்டுப் போகலாம் போல ஆகிவிட்டது இடது பூட்ஸ். வலதை எடுக்கும்போது எஸ்தர் சாப்பாட்டோடு வந்தாள்.

“தையல் மட்டும்தான போடச் சொன்னா?”

“இது ஃப்ரீ சர்வீஸ்.”

“இங்கேருங்க, அவ வேலையே இதுல தொங்குது. அடுத்ததைத் தொட்டிய, இந்தச் சுத்தியலு உங்க மேலதான் விழும்.”

வலது பூட்ஸ் பிழைத்தது அவளால்.

நாலு மணிக்கு வந்தார்கள். மாரெத்துக்கும் என் வயதுதான் இருக்கும். பரிசு கொடுப்பது போல இரண்டு கைகளாலும் பூட்ஸை நீட்டினேன். பியூலாவின் முகம் வெளுத்தது.

“எப்பா... மூக்கு எங்க?”

“நிமித்திட்டேன்.”

“உள்ள இருந்த புல்லு?”

ஆட்டைக் காட்டினேன்.

மாரெத் ஆட்டைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னதை, பியூலா தமிழில் என் மேல் எறிந்தாள். பனிச்சறுக்குக் கட்டையின் வாரில் மாட்டிக்கொள்ளத்தான் அந்த வளைந்த மூக்கு. புல்தான் அவர்களுக்கு சாக்ஸ். அறுத்து, அடித்து மெத்தென்றாக்கி, காயவைத்து அடைப்பார்களாம். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு காலைச் சூடாக வைக்குமாம்.

“அவங்க அம்மாவைச் சின்ன வயசுல கவர்மென்ட் ஆளுங்க ஹாஸ்டல் ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டாங்களாம். அவங்க பாஷையைப் பேசக் கூடாது. இந்த மாதிரி பூட்ஸைக் கழட்டிட்டு, நேர் மூக்கு செருப்பைக் கொடுத்தாங்களாம். எங்களைச் சரிபண்ணுதோம்னு வந்தவங்கள்ல உங்கப்பா முதல் ஆளு இல்லைன்னு சொல்லுதாங்க.”

பழக்கதோஷத்தில் பக்கத்தில் கிடந்த சுத்தியலைக் கையிலெடுத்துக்கொண்டேன்.

“மன்னிச்சுக்கிடச் சொல்லு,” என்றேன்.

“நீங்களே சொல்லுங்க.”

“சாரி மேடம்,” என்றேன். தொழிலில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மாரெத் என் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஊசி கேட்டார். இருவரும் தரையில் உட்கார்ந்து, தோலை மறுபடி நனைத்து, மூக்கை நூலால் இழுத்துக் கட்டினோம். மெத்தைக் கடையிலிருந்து தேங்காய் நார் வாங்கி, நானே அடித்து மெத்தென்றாக்கினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே அடைத்தார். மூக்கு பாதிதான் எழுந்தது. தோல் ஒரு தடவை நீண்டால் நீண்டதுதான். அது எனக்குத் தெரியாதா?

மறுநாள் மியூசியத்தில் பியூலாவின் மேலதிகாரி பூட்ஸைப் பார்த்துக் கத்த வாயெடுத்தார். மாரெத் குறுக்கே வந்து, இது என் பூட்ஸ், நான் எழுதித் தருகிற அட்டையோடு வையுங்கள் என்றார். அட்டையில் இப்படி இருந்தது: “இரண்டும் என் அப்பாவுடையவை. இடது மூக்கை தாராவியில் ஒரு மாஸ்டர் நேராக்கினார். பிறகு அவரும் நானும் சேர்ந்து முடிந்தவரை தூக்கினோம்.” அந்தக் கண்காட்சியிலேயே கூட்டம் அதிகம் நின்றது அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால்தான். பியூலாவின் வேலையும் பெர்மனென்ட் ஆனது. தாராவியில் எத்தனையோ பட்டறைகள். மியூசியத்தில் ஏறியது என் வேலைதான்.

போன மாதம் தாராவிக்குப் பக்கத்தில் சுனாபட்டியில் ஒரு மண்டபத்தில் பியூலாவின் கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை தங்கமான பையன், ஆனால் கொஞ்சம் கூன் போட்டு நிற்பார். போட்டோவுக்காக அவர் முதுகில் கை வைக்கப் போனேன். பியூலா மைக்கைப் பிடுங்கினாள்.

“எப்பா, கையை எடுங்க! அந்த வளைவு வேணும்னே வச்சது!”

மண்டபமே சிரித்தது. என்ன சிரிப்பு என்று பார்க்க மாப்பிள்ளை தானாகவே நிமிர்ந்தார். அந்தப் பெருமையும் எனக்குத்தான்.