வேன் ஓட்டுற மாடு

பால் வேன் பின்பக்கமாக நகர்ந்தபோது 'டமால்' என்று ஒரு சத்தம் கேட்டது. வேன்காரர் இறங்கிப் பார்த்தார். சுகாதார நிலையத்தின் வெளிச்சுவரில் இத்தனை நாளாக ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்த தகரப் பெட்டி நசுங்கித் தரையில் கிடந்தது. உள்ளே இருந்த ஆணுறைப் பொட்டலங்கள் எல்லாம் சாக்கடையில் மிதந்துகொண்டிருந்தன.

அந்தப் பெட்டியை வைத்ததே கூச்சப்படுகிறவர்களுக்காகத்தான். யாரையும் கேட்க வேண்டாம். கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். ஊரிலேயே அதிகம் கூச்சப்படுகிறவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசை வாங்கப் போகவும் கூச்சப்படுவார் வேன்காரர். அன்று காலையும் கையை விடப்போன நேரத்தில் தலைமை ஆசிரியர் தூரத்தில் நடந்து வந்தார். பதறி வேனில் ஏறியவர், முன்னால் போக வேண்டியதற்குப் பின்னால் போய்விட்டார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. மூன்றாவது பிரசவத்தில் மனைவி பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்றை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெட்டிதான் துணை. மருந்துக் கடைக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். கடைக்காரர் மாமனாரின் நண்பர். ஒருமுறை அங்கே போய், வாய் வராமல், இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினார். நர்ஸ் வருவது வாரத்தில் ஒரு நாள். அதுவும் பஸ் வந்தால்.

பெட்டியைச் சாக்கில் சுற்றி வெல்டரிடம் கொண்டுபோனார்.

"இது என்னண்ணே?"

"கோ... கோழித் தீவனப் பெட்டி."

வெல்டர் பெட்டியைப் பார்த்தார். வேன்காரரைப் பார்த்தார்.

"கீழ இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தா தீவனம் கொட்டிடாது? அடைச்சிடறேன். மேல மட்டும் சின்னதா ஒரு வாய் விடறேன்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். வேன்காரர் தலையாட்டிவைத்தார். இப்போது பெட்டியில் எதையும் போடலாம், எடுக்கத்தான் முடியாது.

அதையாவது மாட்டிவைப்போம் என்று சுவரில் ஏற்றும்போது, முதுகுக்குப் பின்னால் தலைமை ஆசிரியரின் குரல்.

"என்னப்பா இது, புதுசா?"

"பு... புகார்ப் பெட்டி சார்."

"ரொம்ப அவசியம்," என்று அவர் அங்கேயே பேனாவை எடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்தப் பெட்டியை உடைச்சது யாரு?"

"மாடு முட்டிருச்சாம்."

"எந்த மாடு? வேன் ஓட்டுற மாடா?"

"உனக்கு எதுக்குடி அந்தப் பெட்டி மேல இவ்வளவு பாசம்?"

அவள் சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமில்ல. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? பெட்டி சரியாகற வரைக்கும் நீங்க வேன்லயே படுத்துக்குங்க."

தலையணையை எடுக்கப் போனவரின் கால், கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் இடித்தது.

"பார்த்து! என் தையல் சாமான் இருக்கு," என்று பாய்ந்து வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஊசிக்கும் நூலுக்கும் இருக்கிற மரியாதை தனக்கு இல்லையே என்று நொந்தபடி வெளியே வந்தார் வேன்காரர்.

மறுநாள் புகார்ப் பெட்டி நிரம்பி வழிந்தது. தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய் என்று ஏதாவது இருக்கும் என நினைத்து, வாய் வழியாகப் பிதுங்கி நின்ற சீட்டுகளை உருவிப் பிரித்தார். எல்லாவற்றிலும் ஒரே புகார்: பழைய பெட்டி எங்கே? ஒரு சீட்டில் வெல்டிங் கரியோடு, 'கோழிகள் பட்டினி' என்று மட்டும் இருந்தது. இன்னொன்று பிழையில்லாமல், அடிக்கோடிட்டு: 'பழைய பெட்டியை அகற்றியவர் மீது கடும் நடவடிக்கை தேவை.'

பெட்டி உடைந்த காலையில் தலைமை ஆசிரியர் அந்தப் பக்கம் நடந்து வந்தது காற்று வாங்க இல்லை என்பது வேன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

நல்லவேளை, நர்ஸ் வரும் பஸ் அந்த வாரம் வந்தது. வேன்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்ச் சரணடைந்தார்.

"சிஸ்டர், உடைச்சது நான்தான். புதுப் பெட்டி நானே வாங்கி மாட்டிடறேன். நீங்க நிரப்பிக் குடுத்தாப் போதும்."

"நானா? வாரத்துக்கு ஒரு நாள் வர்றவ தினமும் எப்படிண்ணே நிரப்புவேன்? சரக்கை மொத்தமாக் குடுத்துட்டுப் போயிடுவேன். பெட்டியில போடறது உங்க ஊர்ப் பொம்பளை ஒருத்தங்க."

"எங்க ஊரா? யாரு?"

"தெரிஞ்சா உங்களை மாதிரி ஆளுங்க பெட்டிப் பக்கமே வரமாட்டீங்க. அதனால புருஷன்கிட்டகூட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

"அந்தம்மா வீட்டுக்காரர் பாவம் சிஸ்டர்," என்றார் வேன்காரர், மனசார.

"பாவம்தான்," என்ற நர்ஸ் அவருடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலைல போன் பண்ணி அந்தம்மா ஒரே அழுகை."

"ஊரே ரெண்டு நாளா என்னைச் சுத்தல்ல விடுது. நீங்களாவது நேராச் சொல்லுங்க. என்னன்னு அழுதாங்க?"

"'சிஸ்டர், சத்தியத்தை விட்டுடட்டுமா? சரக்கு பூரா எங்க கட்டிலுக்கு அடியில டிரங்குப் பெட்டியில இருக்கு, இந்த மனுஷன் வேன்ல படுத்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத் திரியறார்'னு."