ரமணன் அண்ணையின் காரும் ஒரு கோயில் மாலையும்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ் வர ஐந்து நிமிடம் இருந்தால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்க வெளிக்கிட்டு, நடுவழியில் பஸ் கடந்து போவதைப் பார்க்கிற ஆள் நான்.

துளசியைக் கலியாணம் கட்டக் கேட்டுவிட்டு அவர்கள் வீட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. "ரமணன் ஒருக்கா ஆளைப் பாத்துச் சொல்லட்டும்" என்று துளசியின் அம்மா, எனக்கு அன்ரி, சொல்லியிருந்தார். ரமணன் அண்ணை துளசியின் தமையன். ரூஜ் என்ற வசதியான பகுதியில் வீடு, அளந்த பேச்சு. அப்போதுதான் ஆசை ஆசையாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். எஞ்சின் சீற்றுக்குப் பின்னால் இருக்கிற வகை.

"தம்பி, ட்ராக்கில ஓடியிருக்கிறீரோ?" என்று போனில் கேட்டார்.

"ஓம் அண்ணை, கனதரம்."

(ஒரு நண்பனின் மகனுடைய பிறந்தநாளுக்குக் குட்டிக் கார் ஓட்டியிருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை என்னை இரண்டு தரம் முந்தியது.)

"அப்ப சனிக்கிழமை வாரும்."

சனி காலை நகரத்துக்கு வெளியே இருந்த பந்தயத் தளத்துக்குப் போனோம். முதல் நாள்தான் காருக்குக் கோயிலில் வாகனப் பூசை நடந்திருந்தது. முகப்பில் பெரிய பூமாலை, அதோடு ஒரு பட்டுத்துண்டு. மூன்று நாளைக்குக் கழற்றக்கூடாது என்பது அன்ரியின் கட்டளை. ஆனால் காரைச் சோதித்தவர் ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக்கூடாது, டிக்கியும் வெறுமையாக இருக்கவேண்டும் என்றார்.

"மாலையைக் கழட்டிப் பத்திரமா ஒரு இடத்தில வையும்" என்று சொல்லிவிட்டு அண்ணை கையெழுத்துப் போடப் போனார்.

எங்கே வைப்பது? கோயில் மாலையைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. டிக்கியில் இருந்த சாமான்கள் நிலத்தில் கிடந்தன, அதற்குள் அண்ணையின் சப்பாத்தும் கிடந்தது. சப்பாத்துக்குப் பக்கத்தில் சாமி மாலையா? காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கதவுக்குப் பின்னால், காரின் பக்கவாட்டில், ஆழமான சுத்தமான ஓர் ஓட்டை தெரிந்தது. (இதை வடிவமைத்தவன் தமிழனாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.) மாலையைப் பட்டுத்துண்டில் சுற்றி உள்ளே தள்ளினேன்.

அந்த ஓட்டை எஞ்சின் எண்ணெயைக் குளிரவைக்கக் காற்றுப் போகிற வழி என்பது இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

"முதல் நீர் ஓடும், நான் பாக்கிறன்" என்று அண்ணை வேலியோரம் போய் நின்றார். பக்கத்து சீற்றில் பயிற்சியாளர், நிதானமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இரண்டு சுற்று நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வேகத்தைக் குறை, உள்ளே திருப்பு என்றார் அவர். அண்ணை பார்த்துக்கொண்டிருக்கிறார், இப்போது நிறுத்தினால் பயந்தவன் என்று நினைப்பாரே. இன்னும் ஒரு சுற்று என்று கெஞ்சிக்கொண்டே காலை அழுத்தினேன். வளைவில் நின்றவர் என்னைப் பார்த்துக் கொடியை ஆட்டினார். நானும் மரியாதையாகக் கையை ஆட்டினேன்.

அடுத்த நேர்பாதையில் பின்னால் 'டம்' என்றது. கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. கார் உருண்டுபோய்ப் புல்லில் நின்றது. தளத்தில் நான் கக்கிய எண்ணெய் நீளமாகக் கிடந்தது. எல்லாக் கார்களையும் மறித்தார்கள். நாலு பேர் அதில் தூள் கொட்டிக் கூட்டி முடியும்வரை இருபது சாரதிகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இழுத்துக்கொண்டு வந்த காருக்குள் மெக்கானிக் கையை விட்டுத் துழாவினார். முதலில் பட்டுத்துண்டின் கரை வந்தது. பிறகு அவிந்துபோன மாலை வந்தது.

"உந்த மாலையை அதுக்குள்ள ஆர் வச்சது?" என்றார் அண்ணை.

தானாக வழுக்கிப் போயிருக்கும் என்று சொல்ல வாய் உன்னியது. அவருடைய முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"நான்தான் அண்ணை. குப்பையில போட மனம் வரேல்லை. நான் ட்ராக்கில ஓடினதும் இல்லை."

காரேற்றிய லொறியில் சாரதிக்கும் அண்ணைக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். துளசி கையை விட்டுப் போய்விட்டாள் என்று நினைக்க அழுகை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் இருந்தேன்.

வீட்டில் அண்ணை ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அன்ரி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"மாலையைக் கீழ போடேல்லைத்தானே?"

"இல்லை அம்மா. என்ர எஞ்சினுக்குள்ளதான் போட்டவர்."

"அப்ப நல்ல பொடியன்தான்" என்று அன்ரி தேத்தண்ணி போடப் போனார்.

கலியாணத்தில் துளசி எனக்கு மாலை போட்டபோது, பின்னால் நின்ற அண்ணை என் காதுக்குள், "உந்த மாலையையெண்டாலும் கழுத்தில வச்சிரும்" என்றார். அவருக்குப் புது எஞ்சின் வந்து பல வருடமாகிவிட்டது. இருந்தும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது எனக்கு மாலை போட வந்தால், அண்ணை எழும்பி வெளியே போய்த் தன் காரைப் பூட்டிவிட்டு வருகிறார்.