ஒரே ஒரு டிக்கெட்

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் மனைவியிடமிருந்து நான் வெற்றிகரமாக மறைத்த பொருள் எதுவும் கிடையாது. இருந்தும் அந்த டிக்கெட்டை மறைத்தேன். ஆசை யாரை விட்டது?

ராக் கிட்டார் உலகத்தில் எனக்கு ஒரு தெய்வம் உண்டு. வயது எழுபத்தெட்டு. உரிமையோடு ‘கிழவர்’ என்பேன். அவர் எங்கள் ஊருக்கே வந்து வாசிக்கிறார், சனிக்கிழமை சாயங்காலம். ஒரு டிக்கெட்தான் வாங்கினேன். இவளுக்கு எதற்கு? நான் கிட்டார் கேட்டால், “மிக்ஸி ஓடுதா?” என்று எட்டிப் பார்க்கிறவள்.

சிக்கல் என்னவென்றால், அதே சாயங்காலம் குடும்பத்தோடு அவள் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. யோசித்தேன். மூன்றே நாளில் இவளுக்கு ரசனையை ஊட்டிவிட்டால், “நீங்க கச்சேரிக்குப் போங்க” என்று அவளே வழியனுப்புவாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அவளுக்கு ஃபிரிட்ஜ் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. காலை முதல் மாலை வரை போனில் யாராவது கத்துவார்கள், இவள் கேட்டுக்கொள்வாள்.

முதல் நாள், உலகத்திலேயே வேகமான கிட்டார்காரரைப் போட்டேன்.

“எப்படி? மூச்சு விடாம எத்தனை சுரம் பாத்தியா?”

“இவர் வீட்டு ஃபிரிட்ஜ் நல்லாத்தாங்க ஓடுது. கத்தினா புதுசு மாத்திக் குடுப்பாங்கன்னு யாரோ சொல்லிவிட்டிருக்காங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆளைப் பற்றி எனக்கே இருபது வருஷமாக அந்தச் சந்தேகம் உண்டு.

இரண்டாம் நாள், கிட்டாரை உறுமவிடுகிறவர்.

“இவருக்கு நெஜமாவே கோவம். ஆனா நம்ம மேல இல்ல, அவர் மேலயே. பாவம்.”

மூன்றாம் நாள், கிழவர். அவர் சுரத்தின்மேல் நேராகப் போய் நிற்க மாட்டார். கொஞ்சம் கீழே தொட்டு, தந்தியை விரலால் தள்ளித் தள்ளி மேலே கொண்டுபோவார். போய்ச் சேருவாரா, மாட்டாரா என்று நாம் காத்துக்கிடக்க வேண்டும். சேர்ந்ததும் அந்த ஒற்றைச் சுரத்தை லேசாக நடுங்கவிட்டு, சும்மா இருந்துவிடுவார். அந்தச் சும்மாவுக்காக நான் சொத்தையே எழுதிவைப்பேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். “மறுபடி போடுங்க.”

போட்டேன்.

“இவர் புகாரே சொல்லலீங்க. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றாரு. இப்படி ஒருத்தர் பேசினா எங்க ஆபீஸ்ல எல்லாரும் கைவேலையை விட்டுட்டுக் கேப்போம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நண்பர்களிடம் நான் மணிக்கணக்காக விளக்கியும் புரியவைக்க முடியாததை, இவள் துணி மடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டாள். பெருமையாக இருந்தது. திட்டமும் பலித்துவிட்டது.

“சரி, டிக்கெட் எங்க?” என்றாள்.

“எந்த டிக்கெட்?”

“மூணு நாளா வாரண்டி முடிஞ்சத மறைக்கறவங்க மாதிரியே பேசறீங்க. எடுங்க.”

பழைய கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணுதானா?”

“தீந்து போச்சும்மா.”

“தீரல.”

நான் தரையைப் பார்த்தேன். வாங்கும்போது நிறைய இருந்தது உண்மை. அசடு வழிவதை மறைக்க, “வேணும்னா நீயே போயேன்” என்றேன். இது ஆபத்தில்லாத வாசகம். நான் எதைக் கொடுத்தாலும், “எனக்கெதுக்கு, நீங்களே வெச்சுக்குங்க” என்பதுதான் பதினாறு வருஷத்துப் பதில்.

“சரிங்க” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு மச்சினி வீட்டுக்குப் போனேன். சகலை தன் புது வாஷிங் மெஷினை ஓடவிட்டுக் காட்டினார். அது மூன்றாவது முறை சுற்றும்போது, கச்சேரி இடைவேளையில் அவள் போன் செய்தாள். வாசலுக்கு ஓடினேன்.

“எப்படி வாசிக்கிறாரு?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“அழுவுறியா?”

“ம்.”

“என்ன வாசிச்சாரு? கொஞ்சமாவது சொல்லேன்.”

“அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க. நேர்ல கேக்கணும்.”