பயில்வானுக்கு வயிற்றுவலி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியன், எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் கப்பல் இயந்திரங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடுக்கடலில் போன் எடுக்காது, கம்பெனி ஆபீஸ் வழியாகத் தபால் மட்டும்தான் வந்து சேரும் என்று சொல்லிவிட்டுப் போனாய், அதனால்தான் எழுதுகிறேன். முதலில் எங்காவது ஓரமாக உட்கார். கையில் ஸ்பானர் கிஸ்பானர் இருந்தால் கீழே வை. நீ எங்களிடம் விட்டுவிட்டுப் போன ஆமையைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

அட்டைப்பெட்டியோடு வந்து நின்றபோது நீ என்ன சொன்னாய்? இவன் பெயர் பயில்வான், நில ஆமை, ஆண்பிள்ளை, கீரையைப் போட்டு வெயிலைக் காட்டினால் போதும், வேறு தொந்தரவே கிடையாது என்றாய். நானும் நம்பினேன். நீ சொன்னதில் ஒன்றையாவது விட்டேனா என்று உன் அக்காவையே கேட்டுக்கொள். காலையில் எழுந்ததும் தாம்பாளத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, தாடை நனையாத ஆழத்தில் உட்கார வைத்தேன். ஓடு உறுதிப்படுவதற்குக் கணவாய் மீனின் ஓட்டைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து கடிக்கப் போட்டேன். மழை மூட்டமாக இருந்தால் அதற்கென்று நீ கொடுத்த விளக்கை ஏற்றினேன். கீரையில்கூட ஒரே கீரையைப் போட்டுச் சலிப்பு வரவைக்காமல் மாற்றி மாற்றிப் போட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன். இவன் தின்கிறான், உட்காருகிறான், மறுபடி தின்கிறான், மறுபடி உட்காருகிறான். இப்படி ஒருவன் என் கண்ணெதிரில் இருக்கலாமா? என் சர்வீஸ் முழுக்கத் தலைவலி என்று வந்தவனுக்கும் வயிற்றுவலி என்று வந்தவளுக்கும் நான் கொடுத்த ஒரே மருந்து மைதானத்தைச் சுற்றி ஓடுவதுதான். ஒரு சுற்று முடிவதற்குள் வலி போன இடம் தெரியாது. அந்த மருந்தையே உன் ஆமைக்கும் கொடுக்கத் தொடங்கினேன்.

மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். இந்தக் கோடியில் பயில்வான், அந்தக் கோடியில் ஒரு செம்பருத்திப் பூ. முதலில் விசில் சத்தம் கேட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லுப்பிள்ளையாராக இருந்தான். எனக்கு இதெல்லாம் புதிதா, எத்தனை சோம்பேறிகளைப் பார்த்திருக்கிறேன். விடாமல் பழக்கினேன். திடீரென்று பயலுக்கு ஒரு வேகம் வந்தது பார், நான் சொல்லாமலே நடக்க ஆரம்பித்துவிட்டான். பயிற்சி முடிந்து வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டாலும் சுவரை ஒட்டி இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக ஓயாத நடை. கதவில் முட்டினான், செருப்பு அலமாரியில் ஏறினான், மல்லாக்க விழுந்தான், நிமிர்த்தி விட்டால் மறுபடி நடந்தான். எனக்கு மார்பு விம்மியது. எதிர்வீட்டு வங்கிக்காரரை, மேல்மாடியில் இருக்கும் டியூஷன் அம்மாளை, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். முறையாகப் பழக்கினால் ஆமையும் ஓடும் என்று வங்கிக்காரருக்கு அரைமணி நேரம் விளக்கிச் சொன்னேன். அவரும் பாவம், ஆபீசுக்குக் கிளம்பி நின்றவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தோண்ட ஆரம்பித்தான். பின்னங்கால்களால் தரையைப் பரக் பரக்கென்று பறண்டினான். மிதியடியைக் கிழித்தான். உன் அக்கா தைத்து மடித்து வைத்திருந்த வாடிக்கைக்காரர்களின் ஜாக்கெட்டுகள் மேல் ஏறி நின்று பறண்டி, ஒன்றின் கையை அப்படியே பிய்த்துவிட்டான். பால்கனியில் அவள் உயிராக வளர்க்கிற ரோஜாத் தொட்டியைக் கவிழ்த்தான். நான் அதற்குப் பின்னங்கால் பயிற்சி என்று பெயர் வைத்துக் கைதட்டி உற்சாகப்படுத்தினேன். சாப்பாட்டையும் நிறுத்தினான். செம்பருத்தியை மூக்குக்கு நேராக நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போட்டிக்கு முன்னால் வயிற்றை லேசாக வைத்துக்கொள்கிற விளையாட்டு வீரனைப் போல என்று அதையும் மெச்சிக்கொண்டேன். அப்புறம் ஒருவேளை வயிற்றுவலியோ என்று சந்தேகம் வந்து, மாடியில் கொஞ்சம் கூடுதலாக நடக்க விட்டேன். உன் அக்கா மட்டும் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, "இது சும்மா நடக்கலைங்க. எதையோ தேடுது," என்றாள். உனக்குத் தையலைத் தவிர என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். இதை நீ அவளுக்கு எழுதும் கடிதத்தில் கிளறாதே, ஏற்கெனவே போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

நேற்றுக் காலை மாடியில் விசில் ஊதினேன். பயில்வான் அசையவில்லை. பின்னங்கால் இரண்டையும் பரப்பிப் போட்டுக்கொண்டு, கழுத்தை முழுக்க வெளியே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினான். உள்ளேயிருந்து எதையோ முக்கித் தள்ளப் பார்ப்பதுபோல உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். காய்கறிக் கூடையில் துண்டைப் போட்டு, அவனை அதில் வைத்து, உன் அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார, ஸ்கூட்டரில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே எங்களுக்கு முன்னால் வரிசையாக நாய்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு நாயும் வந்து கூடையை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. உள்ளே போனால் டாக்டர் ஒரு சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சார் என்றது. என்னிடம் படித்ததாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு மறைக்காமல் சொன்னேன், சாப்பிடவில்லை, வயிற்றுவலியாக இருக்கும் என்று கொஞ்சம் கூடுதலாக நடக்க விட்டேன் என்று. அந்தப் பெண் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, "எனக்கு அப்பெண்டிக்ஸ் வந்தப்பவும் இதைத்தான் சார் சொன்னீங்க," என்றது. எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை.

எக்ஸ்ரே எடுத்து வெளிச்சப் பலகையில் மாட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். வயிற்றுக்குள் வெள்ளை வெள்ளையாக, உருண்டை உருண்டையாக, டேபிள் டென்னிஸ் பந்துகள்! என் கண் பொய் சொல்லாது, இத்தனை வருஷம் அந்தப் பந்துகளை எண்ணி எண்ணிப் பீரோவில் பூட்டியவன் நான். எவன் இந்த வாயில்லா ஜீவனுக்குப் பந்தை விழுங்கக் கொடுத்தான், எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளை ஒரு கை பார்க்காமல் விடமாட்டேன் என்று அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். வெளியே இருந்த நாய்களெல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டன. டாக்டர் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, "சார், அது முட்டை," என்றது.

முட்டையா? பயில்வானுக்கா? டாக்டர் ஆமையை லேசாகத் தூக்கிக் காட்டி, ஆணாக இருந்தால் வயிற்றுப் பக்கம் குழிந்திருக்கும், வால் நீளமாக இருக்கும், இது நல்ல பெண் சார், வாலைப் பாருங்கள் என்றது. ஏனப்பா, வருஷக்கணக்கில் வளர்த்தாயே, ஒரு நாளாவது அந்த வாலைப் பார்த்தாயா? எனக்கு அடுத்த அதிர்ச்சி, இது எப்படி நடந்தது என்பது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வேறு ஆமையின் நிழல்கூட அதன் மேல் பட்டதில்லை. நீ நாளைக்கு வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? டாக்டரிடம் குரலைத் தாழ்த்தி விசாரித்தேன். கோழி போடுவதில்லையா, அதுபோல ஆண் துணை இல்லாமலும் முட்டை போடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான் என்றது. எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. உன் அக்கா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்த மூச்சு அடுத்த நிமிஷமே நின்றுவிட்டது. முட்டையிட நல்ல மண் வேண்டுமாம். வெயில் பட்டுச் சூடான, தோண்டினால் பொலபொலவென்று இடம் கொடுக்கிற மண். அது கிடைக்காவிட்டால் ஆமை முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளுமாம். அளவுக்கு மேல் அடக்கினால் உயிருக்கே ஆபத்து. இன்றைக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், போடாவிட்டால் ஊசி, ஊசிக்கும் மசியாவிட்டால் அடி ஓட்டை அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிற்று. அறுப்பதா? அத்தனை நாளும் அந்த ஜீவன் சுவரோரமாக நடந்தது, கதவில் முட்டியது, தரையைப் பறண்டியது எல்லாம் ஒரு பிடி மண்ணுக்காக. நான் அதற்கு விசில் ஊதியிருக்கிறேன். வங்கிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். என்னைவிட ஒரு முட்டாள் உண்டா என்று நினைக்க நினைக்க எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

மண்ணுக்கு எங்கே போவது? எங்கள் கட்டடத்தைச் சுற்றி ஒரு சாண் விடாமல் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். ரோஜாத் தொட்டியில் அது திரும்பக்கூட இடம் இல்லை. பூங்காவில் காவல்காரர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, விலங்குகளுக்கு அனுமதி இல்லை என்று பலகையைக் காட்டினார். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது, பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுகிற மணல்குழி! என் கையால் வெட்டி, என் கையால் சலித்துப் போட்ட மணல். நேராக அங்கே போனேன். என் இடத்துக்கு வந்திருக்கும் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, பிள்ளைகளை மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய், இந்தப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கூடையிலிருந்து மணலில் இறக்கிவிட்டோம். பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது, சத்தமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். உன் அக்கா என் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "தயவுசெய்து வாயைத் திறக்காதீங்க," என்றாள். திறக்கவில்லை. பயில்வான் மணலை மோந்தது. கொஞ்ச தூரம் நடந்தது, நின்றது, திரும்பியது. பிறகு பின்னங்காலால் ஒரு தள்ளு தள்ளியது பார், மணல் வழிவிட்டது. வீட்டுத் தரையில் பறண்டிய அதே பறண்டல்தான், இங்கே குழி விழுந்தது. வலது கால், இடது கால், மாற்றி மாற்றி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, வெயில் எங்கள் தலைமேல் இருந்து தோளுக்கு இறங்கிவிட்டது. முதல் முட்டை விழுந்ததைப் பார்த்ததும் என் கண்ணில் நீர் வந்துவிட்டது, எழுதுவதற்கு வெட்கமில்லை. பிறகு ஒன்று, அப்புறம் ஒன்று. கடைசியில் என்னால் அடக்க முடியவில்லை, என்னையறியாமல் படபடவென்று கைதட்டிவிட்டேன். பயில்வான் தலையை இழுத்துக்கொண்டது, கொஞ்ச நேரம் கழித்து மணலை மூடிவிட்டு நடந்து வந்துவிட்டது. உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. முட்டைகளைத் தோண்டி எடுத்து டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆக, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மாப்பிள்ளை, ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வாயும் வயிறுமாக இருந்த ஒரு பெண்ணைப் பயில்வான் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டுக் கடலுக்குப் போனாயே, அதை என்னால் மறக்க முடியாது. எனக்கு இருப்பதே கொஞ்சம் இரத்த அழுத்தம், அதையும் நீ ஏற்றிவிட்டாய். கப்பல் கரை தொட்டதும் முதல் வேலையாக வந்து உன் ஆமையை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. அதுவரைக்கும் பார்த்துக்கொள்கிறேன், அதற்குமேல் என்னால் ஆகாது. காற்று மழையில் கவனமாக இரு, இயந்திர அறையிலேயே அடைந்து கிடக்காமல் மேல்தளத்துக்கு வந்து கொஞ்சம் நட. நீ நீண்ட ஆயுளோடும் திடமான உடம்போடும் இருக்கவேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் டாக்டர் போன் செய்தது. புதிய படத்தைப் பார்த்தார்களாம், இன்னும் ஒரு முட்டை உள்ளே இருக்கிறது. நல்லபடியாக முடிந்தது என்று மேலே எழுதியதை நம்பாதே. நான் கைதட்டியதால்தான் நின்றுபோயிற்று என்று உன் அக்கா சொல்கிறாள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கூடையில் துண்டு போட்டாயிற்று, மறுபடி மணல்குழிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை நான் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கூட்டிக்கொண்டு போ என்று எழுதியதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இந்த நிலைமையில் அவளை யார் வீட்டுக்கும் அனுப்புவதாக இல்லை. நீ வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போ.