லேடீஸ் மெடிக்கல்ஸும் ஜென்ட்ஸ் டியூஷனும்

கடைகளுக்கு ஆண் பெண் பார்த்துப் பெயர் ஒட்டுகிறவர் என்றோர் இனம் சென்னையில் உண்டு. மயிலாப்பூரில் அடர்த்தி சற்று அதிகம். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் குறைவில்லை. பல் பிடுங்க வழி கேளுங்கள், ‘லேடி டென்டிஸ்ட்’ என்பார். எஸ்.டி.டி. பூத் எங்கே என்று கேளுங்கள், ‘லேடீஸ் நடத்தற பூத்’ என்பார். பக்கத்திலேயே மீசைக்கார முதலாளியின் இரும்புக் கடை இருக்கும். அதை ‘ஜென்ட்ஸ் இரும்புக் கடை’ என்று அவர் சொல்லி யாரேனும் கேட்டதுண்டா? அது வெறும் கடை.

இவ்வினத்தின் முதிர்ந்த மாதிரி, மந்தைவெளி ஸ்ரீனிவாசராகவன். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். தெருமுனையில் ஜெயபாரதி நடத்தும் மருந்துக் கடையில்தான் அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையும், மனைவி அபயாம்பாளுக்கு மூட்டுவலித் தைலமும். அக்கடைக்கு ஊரையே அனுப்பிவைப்பவரும் அவரே. அனுப்பும்போது, எதையும் அரைகுறையாக விடாத பழக்கத்தால், “லேடீஸ் மெடிக்கல்ஸ்தான், ஆனாலும் மருந்தெல்லாம் சரியாக் குடுப்பா” என்று முடிப்பார். அந்த ‘ஆனாலும்’ தம் தாராள மனத்துக்குச் சான்று என்பது அவர் துணிபு.

வீட்டில் சும்மா இருந்தால் அபயாம்பாள் அரிசியில் கல் பொறுக்க உட்காரவைக்கிறாள் என்பதால், பெஞ்சுகள் வாங்கி, கரும்பலகை அடித்து, வாசலில் பலகையும் மாட்டி டியூஷன் தொடங்கினார். அவர் மறந்தது ஒன்றுதான். அந்தத் தெருவில் டியூஷன் என்றாலே மாமிகள்.

“மாமி இல்லையா சொல்லித் தரது?” என்பார்கள் வந்தவர்கள்.

“நான்தான்.”

“ஓ... ஜென்ட்ஸ் டியூஷனா?”

அத்தோடு சரி. ஜூன் முழுதும் பெஞ்சுகள் பளபளவென்று இருந்தன.

“ஏன்னா, காலியாத்தானே கிடக்கு? அப்பளத்தை அதுல உலர்த்தட்டுமா?” என்றாள் அபயாம்பாள்.

தலைவலி மாத்திரை வாங்கப் போனார். அடுத்த தெரு சாருலதா, மகளுக்குக் கணக்கு டியூஷன் எங்கே என்று ஜெயபாரதியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு இருக்குக்கா. ஜென்ட்ஸ் டியூஷன்தான், ஆனாலும் பொறுமையா சொல்லிக் குடுப்பார்.”

“ஆம்பளைக்குப் பொறுமையா?”

“அதான் ஆனாலும்னேன். இதோ, அவரே வந்துட்டாரு. என்ன சார், நான் சொன்னது சரிதானே?”

ஜெயபாரதியின் முகத்தில் சிரிப்பில்லை. மாத்திரை அட்டையை வெட்டிய கத்தரிக்கோலில்தான் இருந்தது.

தாம் எத்தனை ஆண்டுகள் கற்பித்தவர், எத்தனை பேரைப் பொறியாளர் ஆக்கியவர், அறிவுக்கு ஆண் ஏது, பெண் ஏது என்றெல்லாம் ஒரு சொற்பொழிவு ஸ்ரீனிவாசராகவனின் தொண்டைவரை வந்தது. எதிரே கத்தரிக்கோலோடு நிற்பவள் யாரென்று பார்த்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. பெஞ்சுமேல் அப்பளம் காய்வது மட்டும் கண்ணில் நின்றது.

“ஆமாம்மா, ஜென்ட்ஸ் டியூஷன்தான்” என்றார். “ஆனாலும்... குழந்தையை அனுப்பிப் பாருங்கோ.”

குழந்தை வந்தாள், அவள் பின்னால் தோழிகளும் வந்தார்கள். அப்பளம் மொட்டைமாடிக்குப் போயிற்று. இப்போது யாராவது மருந்துக் கடைக்கு வழி கேட்டால், “லேடீஸ்...” என்று தொடங்கி, இருமி, “மெடிக்கல்ஸ்” என்கிறார். இருமல் இன்னும் நிற்கவில்லை.

வாசகரே, நீங்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவர் இல்லையா? மகிழ்ச்சி. ஆனால் படிக்கும்போதே, இதை எழுதியது ஆணா பெண்ணா என்று தலைப்பின் கீழே ஒருமுறை கண் போய்வந்ததே, அது எதற்காம்?

தொண்டை கமறுகிறதா? மந்தைவெளியில் ஒரு மெடிக்கல்ஸ் இருக்கிறது.