விஸ்ராம் சொல்லாமல் நகர மாட்டேன்

செக்காலை, காரைக்குடி
ஆகஸ்டு 19

மகாராசனாய் இருக்கும் மாப்பிள்ளை ரவிக்குமார் அவர்களுக்கு, மாமனார் வேல்பாண்டி, முன்னாள் காலாட்படைச் சிப்பாய், எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் மகள் தேவிகாவும் நலமாயிருக்கக் குன்றக்குடி முருகன் துணை. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது மாடிவீட்டு சத்தியப்பிரியா. சொன்னபடி எழுது, திருத்தாதே என்று உத்தரவு.

சுதந்திர தினத்தன்று நான் மயங்கி விழுந்தேனாம், வெள்ளிக்கிழமை நீங்கள் காரோடு வந்து என்னைச் சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறீர்களாம். தேவிகா போனில் சொன்னாள். நான் விழவே இல்லை. அதுதான் பிரச்சினையே.

எங்கள் தெருச் சங்கத் தலைவர் வள்ளியப்பன், கொடியேற்றம் பட்டாள முறைப்படி நடக்கட்டும் என்று என்னிடம் இரண்டு இந்தி வார்த்தை கற்றுக்கொண்டார். 'சாவ்தான்' என்றால் விறைத்து நிற்பது. 'விஸ்ராம்' என்றால் காலை அகட்டி இளைப்பாறுவது. முதல் வார்த்தையை மைக் கிழியச் சொன்னார். கொடி ஏறியது, பாட்டு முடிந்தது, லட்டுத் தட்டைக் கண்டதும் இரண்டாவது வார்த்தையை மறந்துவிட்டார். எல்லோரும் லட்டுப் பக்கம் போனார்கள். நான் நின்றேன். உத்தரவு வராமல் சிப்பாய் நகரலாமா? எழுபத்தொன்றாம் வருசச் சண்டையில், மாற்று ஆள் வரும்வரை நகராதே என்று ஹவில்தார் ஒரு வாய்க்காலில் என்னைக் காவல் நிறுத்திப் போனார். மாற்று ஆள் வந்தது மறுநாள் மத்தியானம். இடுப்பளவு தண்ணீர், தலைக்கு மேலே குண்டு, காலில் ஏழு அட்டை. டெல்லியில் குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகையில் காதில் குளவி கொட்டியது. காது அப்பளமாய்ப் பொரிந்தும் கண் சிமிட்டவில்லை. அப்படிப்பட்டவன் லட்டுக்காக நகர்வேனா?

லட்டுக் கொடுக்க வந்த பொன்னழகு, "ஏய்யா இன்னும் நிக்கிறீக? உக்காருங்க" என்றாள். நான் பேசவில்லை, சாவ்தானில் பேச்சு கிடையாது. "ஆத்தீ, பெரியவருக்கு வாய் இழுத்துக்கிருச்சு!" என்று அலறினாள். வள்ளியப்பன் ஓடிவந்து, "அண்ணே, நான் யாருன்னு தெரியுதா?" என்றார். தெரியாமல் என்ன, விஸ்ராம் சொல்ல மறந்த ஆள்.

ஆம்புலன்ஸ் வந்தது. நாலு பேர் ஏணியைத் தூக்குவது போலத் தூக்கினார்கள். வளையாத என்னை உள்ளே செருகியதில் கதவைச் சாத்த முடியவில்லை. பூட்ஸ் வெளியே தெரியச் செக்காலை ரோடு முழுக்க ஊர்வலம். ஓர் ஆட்டோக்காரன், "எந்தக் கடைக்குண்ணே இந்தப் பொம்மை?" என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முட்டியில் ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, "விஸ்ராம்" என்றார். அவருடைய அப்பாவும் பட்டாளமாம். உடனே காலை மடக்கினேன். அந்தம்மாவுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லையே மாப்பிள்ளை!

ஆகவே நான் வர மாட்டேன். வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தால் வாசலில் சாவ்தானில் நிற்பேன். முடிந்தால் தூக்குங்கள். உங்கள் காரின் நீளம் எனக்குப் பத்தாது.

தேவிகாவை அழ வேண்டாம் என்று சொல்லவும். பிள்ளைகுட்டிகளோடு ஆல்போல் தழைத்திருங்கள்.

இப்படிக்கு,
வேல்பாண்டி

பின்குறிப்பு: "தாத்தா, நானும் அங்கனதான நின்டேன். தலைவரு ரெண்டு தடவை விஸ்ராம் சொன்னாரே" என்று சத்தியப்பிரியா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்ன பிறகுதான் மறுபடி எடுத்தாள். வாஸ்தவம்தான். காது கேட்டது, முட்டிதான் கேட்கவில்லை, பூட்டிக்கொண்டது. நகர முடியாமல் நின்ற கிழவன் என்பதைவிட உத்தரவுக்கு நின்ற சிப்பாய் என்பது தேவலை என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை வாருங்கள், பெரிய வண்டியாக. ஜனவரி இருபத்தாறுக்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். வள்ளியப்பனுக்குக் கொடிக்கயிறு முடிச்சுப் போடத் தெரியாது.