கோழியைக் குளிப்பாட்டிய குற்றம்

நல்லது செய்யக் கிளம்புகிறவன் முதலில் பக்கத்து வீட்டு மாடியை அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே யாரும் கையில் போனோடு நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் காரியத்தில் இறங்க வேண்டும். நான் பார்க்கவில்லை. சாகக் கிடந்த ஒரு ஜீவனைக் காப்பாற்றிவிட்டு, கொலைகாரன் என்று பெயர் வாங்கினேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். தலைமுறை தலைமுறையாகச் சைவம். மீன்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே ஜன்னலைச் சாத்துகிற குடும்பம். அப்படிப்பட்ட வீட்டின் புழக்கடையில் ஐந்து நாட்டுக்கோழிகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். பூரானால் வந்தன. ஒருநாள் குளித்துக்கொண்டிருந்த என் பாதத்தின் மேல் ஒரு பூரான் நிதானமாக ஏறி இறங்கிப் போனது. நான் எந்தக் கோலத்தில் வெளியே ஓடி வந்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. என் மனைவி மீனாட்சி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். "கோழி நின்னா பூரான், தேள் ஒண்ணும் அண்டாது" என்று சொல்லி, மறுவாரமே வாங்கி வந்துவிட்டாள்.

முட்டையை நாங்கள் தொடுவதில்லை. எல்லாம் பக்கத்து வீட்டு ராமையா அண்ணாச்சிக்குத்தான் போகும். காசு வாங்கியதில்லை. (இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என் கோபத்தின் அளவு புரியும்.)

அது கத்திரி வெயில் காலம். மீனாட்சி தன் தங்கையைப் பார்க்கக் கூடங்குளம் போயிருந்தாள். போகும்போது, "வெயில் கூடுதலா இருக்கு. கோழியைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள். "கோழிதானே? அதைப் பாக்கதுக்கு ஒரு படிப்பா?" என்றேன். இன்சூரன்ஸ் ஆபீசில் ஊரார் உயிருக்கெல்லாம் பாலிசி போடுகிறவன் நான். ஐந்து கோழிகளைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் புழக்கடைக்குப் போனேன். ஐந்து கோழிகளும் அலகைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பசிபோல என்று கம்பை அள்ளிப் போட்டேன். ஒன்றுகூடக் குனியவில்லை. அலகு மூடவும் இல்லை. தொண்டைச் சதை மட்டும் படபடவென்று துடித்தது. இரண்டு பக்கமும் இறக்கையை உடம்பில் ஒட்டாமல் விரித்து வைத்திருந்தன, அக்குளில் கட்டி வந்தவன் கையைத் தூக்கிக்கொண்டு நடப்பானே, அதுபோல. எப்போதும் சிவப்பாக இருக்கும் கொண்டை வெளுத்துக் கிடந்தது.

யோசித்தேன். எஜமானி ஊரில் இல்லாத ஏக்கம் என்று முடிவுக்கு வந்தேன். (அறிவியல் டீச்சரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான்.)

ஆனாலும் கூண்டின் மேல் வெயில் விழுவதைக் கவனித்தேன். அதற்காகவாவது யாரேனும் என்னைப் பாராட்ட வேண்டும். கார் மூடுவதற்கு வைத்திருந்த நீலத் தார்ப்பாயை எடுத்து, கூண்டின் மேலேயும் நான்கு பக்கமும் போர்த்தி, கீழே செங்கல் வைத்து இறுக்கினேன். ஒரு பொட்டு வெயில் உள்ளே நுழையாது. காற்றும்தான் நுழையாது என்பது அந்தப் பெருமையில் எனக்குத் தோன்றவில்லை. உள்ளே வந்து, சாம்பாரும் வெண்டைக்காய்ப் பொரியலுமாகச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் படுத்துவிட்டேன்.

எழுந்து போய்த் தார்ப்பாயைத் தூக்கியபோது, இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. நான்கு கோழிகள் தரையோடு தரையாக இறக்கையைப் பரத்திக் கிடந்தன. ஐந்தாவது, மீனாட்சியின் செல்லமான வெள்ளச்சி, ஒருக்களித்து விழுந்து கண் சொருகிக் கிடந்தது. தொட்டால் அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் போல் சுட்டது. மீனாட்சிக்குப் போன் போட்டேன்.

"வாயைத் தொறந்து மூச்சு வாங்குதா?"

"காலையில இருந்தே வாங்குது."

"றெக்கையை விரிச்சு வச்சிருந்துச்சா?"

"ஆமா. நான்கூட..."

"காலையில இருந்தே பாத்துக்கிட்டா இருந்திய? அது சூடு தாங்காம தவிக்குதுங்க! கோழிக்கு வேர்க்காது. வாய் வழியாவும் றெக்கைக்கு அடியிலயும்தான் சூட்டை வெளிய விடும். கூண்டு நிழல்ல இருக்கா?"

"தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இறுக்கிட்டேன்."

இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"மொதல்ல அதைப் பிடுங்கி எறிங்க. கோழிகளை மாமரத்தடியில விடுங்க. தரையில தண்ணி தெளிங்க. வெள்ளச்சியை வாளித் தண்ணியில கழுத்துவரைக்கும் முக்கிப் பிடிங்க. தலை முங்கிரக் கூடாது. ஐஸ் போட்ராதீங்க, ஒரேயடியா குளுந்தா அதுவே கொன்னுரும். வயித்துப்போக்குக்குக் குடிக்க பவுடரு அலமாரியில இருக்கு, அதைக் கலந்து பைய அலகோரம் விடுங்க. மத்ததுகளுக்குத் தர்பூசணி அறுத்துப் போடுங்க."

குழாயைத் திறந்தேன். மாடித் தொட்டியில் காலையிலிருந்து காய்ந்த தண்ணீர், கை வைக்க முடியவில்லை. அதைக் கொட்டிவிட்டு, குடிப்பதற்கு வைத்திருந்த மண்பானையை அப்படியே வாளியில் கவிழ்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தர்பூசணியை அரக்கப் பரக்க அறுத்தேன். சாறு பனியனெல்லாம் தெறித்தது. கத்தியைத் துவைகல்லில் போட்டுவிட்டு, பவுடர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து வைத்துக்கொண்டு, வெள்ளச்சியை இரண்டு கையாலும் பிடித்து வாளிக்குள் இறக்கினேன். உதிர்ந்த இறகுகள் தண்ணீரில் மிதந்தன.

இப்போது இதே காட்சியை மாடியிலிருந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிவப்பு தெறித்த பனியன். சிவப்பு வழிகிற கத்தி. மசாலா பாக்கெட் போலக் கிழித்த ஒரு பாக்கெட். வாளிக்குள் அசைவில்லாமல் ஒரு கோழி, மேலே மிதக்கும் இறகுகள். கோழியை வெந்நீரில் முக்கித்தான் இறகு பிடுங்குவார்கள் என்பதே எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரியும். அண்ணாச்சிக்குப் பிறவியிலேயே தெரியும்.

"என்னவே, இன்னைக்கு விசேசமா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

நான் நிமிரக்கூட இல்லை. "உயிர் போற அவசரம் அண்ணாச்சி! அப்புறம் பேசுதேன்!" என்றேன்.

என் வாயாலேயே சொன்னேன். அதுவும் அண்ணாச்சி மாடியிலிருந்து போனில் எடுத்த வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

வெள்ளச்சி கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. கால் உதைத்தது. அலகோரம் விட்ட கரைசலை விழுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று யோசித்தேன். மேற்கு வெயில் படாத பூஜை அறை. கருங்கல் தரை. ஈரத் துணி விரித்து அதைப் படுக்க வைத்து, டேபிள் ஃபேனையும் மெதுவாகச் சுழலவிட்டேன். சாமி படங்களைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்க" என்று ஒரு வார்த்தையும் சொன்னேன்.

அதற்குள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நான் தலைப்புச் செய்தி. 'சுத்த சைவம், ஞாயிறு ஸ்பெஷல்' என்று அண்ணாச்சி எழுதி, கீழே சிரிக்கும் முகங்கள் வேறு. எங்கள் வீட்டு முட்டையைத் தின்று வளர்ந்த விரல்கள் தட்டிய எழுத்து! அந்தக் குழுவிலிருந்து அது எந்த வழியாகப் போனதோ, பேட்டையில் இருக்கும் என் மாமனாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெங்காயத்தையே விரத நாளில் சேர்க்காதவர். போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வெயிலில் இரண்டு பஸ் மாறி, நிறுத்தத்திலிருந்து குடைகூட இல்லாமல் நடந்து வந்து, வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"உள்ள வாங்க மாமா. தண்ணி கொண்டாரேன்."

"இந்த வீட்டுல தண்ணியா? வேண்டாம்."

"மாமா, அது குளிப்பாட்டுனது. கோழி சூட்டுல..."

"கோழியக் குளிப்பாட்டுனியளா? நான் நாப்பது வருசம் பையம்மாரு சொல்லுத பொய்யக் கேட்டவன், மாப்ளே."

வேறு வழியில்லாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகப் புழக்கடைக்கு அழைத்துப் போனேன். மாமரத்தடி ஈரத்தில் நான்கு கோழிகள் தர்பூசணியைக் கொத்திக்கொண்டிருந்தன. "பாருங்க, நல்லா இருக்கு" என்றேன்.

அவர் விரல் நீட்டி எண்ணினார். "அஞ்சுன்னுல்லா மீனா சொன்னா. இங்கன நாலுதானே நிக்கி?"

நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளிருந்து வெள்ளச்சி உரக்கக் கொக்கரித்தது. அப்படி ஒரு நல்ல நேரத்தில் எந்தக் கோழியும் குரல் கொடுத்ததில்லை என்று மகிழ்ந்தேன். மாமனார் சத்தம் வந்த திசையில் நடந்தார். பூஜை அறை வாசலில் போய் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன்.

வெள்ளச்சி எழுந்து நின்றிருந்தது. அதன் காலடியில், விளக்குக்கு நேர் எதிரே, ஓடே இல்லாமல் தோலோடு கொழகொழவென்று ஒரு முட்டை. (வெயில் அதிகமானால் ஓடு சரியாகக் கட்டாதாம். மீனாட்சி பிறகு விளக்கினாள். விளக்கம் எப்போதும் எனக்குப் பிறகுதான் கிடைக்கும்.)

"சாமி ரூம்புல..." என்று ஆரம்பித்த மாமனார் முடிக்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. மூச்சு புஸ்புஸ் என்று வந்தது. இரண்டு கையும் உடம்பை விட்டு விலகி நின்றன. முகம் வெளுத்திருந்தது. காலையில் இதே கோலத்தை ஐந்து முறை பார்த்தும் புரியாதவனுக்கு ஆறாவது முறை புரிந்துவிட்டது.

"மாமா, உக்காருங்க! பேசாதீங்க!"

எங்கே உட்கார்கிறோம் என்று பார்க்கிற நிலையில் அவர் இல்லை. கருங்கல் தரையில், வெள்ளச்சிக்குப் பக்கத்தில், அந்த ஃபேனுக்கு முன்னாலேயே சாய்ந்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துண்டை வைத்தேன். கலக்கி வைத்திருந்த கரைசலைக் கொடுத்தேன். இந்த வீட்டில் தண்ணீர் தொடமாட்டேன் என்றவர் மடக் மடக்கென்று ஒரு செம்பு குடித்தார். நிறம் திரும்பியது.

அந்த நேரம் பார்த்து மீனாட்சி வீடியோ காலில் வந்தாள். போனைத் திருப்பிக் காட்டினேன். ஃபேன் ஒருமுறை கோழிப் பக்கம் திரும்பியது, ஒருமுறை அவள் அப்பா பக்கம்.

"அப்பா எதுக்கு வெள்ளச்சி பக்கத்துல படுத்திருக்காவ?"

"ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்" என்றேன்.

மாமனார் கண்ணைத் திறக்காமல், "எம்மா, மாப்ள நல்லாத்தான் பாக்காரு" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ். அதையும் மறுநாள் அவர் நினைவில்லை என்று சொல்லிவிட்டார். ராமையா அண்ணாச்சியோ, நடந்தது தெரிந்த பிறகும் வீடியோவை நீக்கவில்லை. "போனது போயிட்டு, இனிமே அழிச்சு என்னவே செய்ய?" என்கிறார்.

போனது போகவில்லை. அது எங்கள் சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் பத்திரமாக இருக்கிறது. போன தை மாதம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் அவியலும் தீயலும் மணக்கப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, நெற்றி நிறையத் திருநீறு பூசிய என் சின்ன மாமனார் தோளைத் தொட்டுத் தூணுக்குப் பின்னால் கூட்டிப் போனார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார்.

"மாப்ளே, இங்கன ரொம்பச் சாப்பிட்டிராதீங்க. பின்னாடித் தெருவுல பிரியாணிக்குச் சொல்லியிருக்கு. நம்மாளுக ஏழெட்டுப் பேரு வாராவ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மாமா, சாமி சத்தியமா நான் அதெல்லாம் தொட்டதே இல்ல!" என்றேன்.

அவர் என் முதுகில் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

"இப்படித்தான் சொல்லணும். நாங்களும் வீட்டுல இப்படித்தானே சொல்லுதோம்."